முழங்கால் மடங்காத குடும்பத் தலைவர்

குடும்ப வாகன மதிப்பீட்டு வாரியம் எந்த வண்டியையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஓட்டினால் வண்டி பழையதாகிவிடும், பழைய வண்டியை மதிப்பிட வேறொரு வாரியம் இருக்கிறது, அதன் அதிகாரத்தில் தலையிடக் கூடாது என்பது இவர்கள் சொல்லும் காரணம். அதனால் புதிய வண்டி எது வந்தாலும் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து, வாரியத்தின் பெரிய கூடத்தில் சிவப்புக் கம்பளத்தின் மேல் நிறுத்துவார்கள். கம்பளம் அழுக்காகாமல் இருக்கச் சக்கரங்களுக்கு அடியில் பழைய கோப்பு அட்டைகளைச் செருகுவார்கள். பிறகு மாதிரிக் குடும்பத்தை அழைத்து வருவார்கள்.

அழைத்து வருவார்கள் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். தூக்கி வருவார்கள். மாதிரிக் குடும்பம் என்பது மணல் நிரப்பிய பொம்மைகள். அப்பா, அம்மா, ஒரு பையன். மகள் ஒருத்தியும் இருந்தாள். வயது வரம்பை எட்டிவிட்டாள் என்று போன வருடம் அவளுக்குப் பணி ஓய்வு கொடுத்து, தேநீர் விருந்து வைத்து, தலைவர் கண் கலங்கப் பேசி, பின்கட்டுக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அந்தப் பதவி இன்னும் காலியாக இருக்கிறது. வாரியம் தொடங்கிய அன்றே சேர்ந்தவர்கள் என்பதால் பொம்மைகளுக்குப் பணிமூப்பு அதிகம். அப்பா பொம்மைக்குத் துணை இயக்குநர் அந்தஸ்து. ஊழியர்கள் அதைப் "பெரியவர்" என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பெரியவருக்கு முழங்கால் மடங்காது. வாரியம் தொடங்கிய அவசரத்தில், துணிக்கடைகளுக்குப் பொம்மை செய்கிற ஆளிடம் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அவர் நிற்கிற பொம்மைதான் செய்வார். வண்டியில் உட்கார வேண்டியது விறைத்துக்கொண்டு நின்றபடி வந்து இறங்கியபோது யாராவது ஒருவர் வாயைத் திறந்து "இது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆர்டர் கொடுத்தவருக்குக் கெட்ட பெயர். ஆர்டர் கொடுத்தவர் அப்போதைய தலைவர். ஆகவே குடும்பத் தலைவர் எனப்படுபவர் முழங்கால் மடங்காதவர் என்று விதியில் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து எத்தனையோ நல்ல வண்டிகள் "கால் வைக்க இடமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரிச்சலை ஓரமாக வைத்துவிட்டுத் தையல்காரியின் கதைக்கு வருகிறேன்.

தையல்காரி வீடுகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். அவள் புருஷன் பெயின்டர். உயரமான கட்டிடம் ஒன்றுக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு முழங்காலும் நொறுங்கிப்போயின. எலும்பு கூடிவிட்டது. மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது. ஆனால் கால் இரண்டும் பலகை மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"தினமும் கூட்டிட்டு வாங்க. கொஞ்சம் கொஞ்சமா மடக்கிப் பழக்கினா எழுந்து நடந்துடுவாரு. மறுபடி வேலைக்கே போகலாம். ஆனா இந்தச் சில மாசத்துக்குள்ள செய்யணும். விட்டுட்டா அப்படியே இறுகிடும். அதுக்கப்புறம் நான் தலைகீழா நின்னாலும் வராது."

ஆஸ்பத்திரி ஊரின் மறு கோடியில் இருந்தது. கால் நீட்டிய ஆளைச் சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. டாக்ஸியில் ஏற்றினால் கதவைச் சாத்த முடியவில்லை. திரைச்சீலைக் கடைக்காரர் மனமிரங்கி, வாரத்துக்கு ஒரு தடவை தன் சரக்கு வண்டியில் துணிச் சுருள்களுக்கு நடுவே பெயின்டரையும் ஒரு சுருளாகப் படுக்கவைத்துக் கொண்டுபோனார். வாரத்துக்கு ஒரு தடவை போதாது என்று பிசியோதெரபிக்காரி ஒவ்வொரு தடவையும் திட்டினாள்.

அப்போதுதான் அந்த மின்சாரக் குடும்ப வண்டி வந்தது. பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உள்ளே தரை மேடுபள்ளம் இல்லாமல் ஒரே சமமாக இருந்தது. பின்கதவைத் தூக்கினால் ஒரு சாய்பலகை இறங்கி வரும். வீட்டில் இஸ்திரிப் பெட்டி சொருகுகிற பிளக்கிலேயே மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம். இருக்கைகளை மடித்தால் ஒரு கட்டிலே உள்ளே போகும். விலை தையல்காரியும் பெயின்டரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கக்கூடிய விலை. ஷோரூமில் புருஷனை நாற்காலியோடு உருட்டி உள்ளே விட்டாள். நீட்டிய கால் எதிலும் இடிக்கவில்லை. அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"சுருட்டி வைக்காம, உக்காந்துக்கிட்டே போகலாம்போல இருக்கு" என்றார்.

அன்றே பதிவு செய்தாள். தங்கை புருஷனின் பழைய காரில் ஓட்டப் பழகி உரிமமும் வாங்கினாள். விற்பனைக்காரர் நல்ல மனிதர். "வண்டி ரெடியா இருக்குங்க. வாரியம் சான்றிதழ் குடுத்தா அன்னைக்கே சாவி உங்க கையில" என்றார். எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தையல்காரி நேராக வாரியத்துக்கே போனாள். கூடத்து நடுவில் அவளுடைய ரொட்டிப் பெட்டி நின்றது. பின் இருக்கையில் அம்மா பொம்மையும் பையன் பொம்மையும் இருந்தார்கள். வசதி ஆய்வாளர் என்பவர் தலையை உள்ளே விட்டு, அம்மா பொம்மையிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்கை வசதியா இருக்குங்களா?"

காது கொடுத்துக் காத்திருந்தார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பி, "பதில் இல்லை. அதிருப்தின்னு எழுது" என்றார்.

தையல்காரி இடையில் புகுந்தாள். "சார், திருப்தியா இருந்தாலும் பேசாம இருக்கலாமே?"

"திருப்தியா இருக்கிற குடும்பம் பேசும்மா. எங்க வீட்டுல எங்கிட்ட யாருமே பேசுறதில்ல. அந்த அனுபவத்துலதான் சொல்றேன்."

முன் இருக்கை காலியாக இருந்தது. ஏன் என்று செயலாளரிடம் விசாரித்தாள். செயலாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"பெரியவர் மருத்துவ விடுப்புல இருக்காரு. இடுப்புத் தையல் விட்டுப்போய் மணல் கொட்டுது. அவர் வர்ற வரைக்கும் மதிப்பீடு நிறுத்தம்."

"எப்ப வருவாரு சார்?"

"மணல் வாங்க அனுமதி கேட்டிருக்கோம். எந்த மணல்னு கேட்டிருக்காங்க. பதில் எழுதணும்."

"அவர் இல்லாமப் பாக்க முடியாதா?"

"குடும்பத் தலைவர் இல்லாதது குடும்பமா?"

தையல்காரி கையைப் பிசைந்தாள். இந்த மனிதரிடம் நியாயம் பேசிப் பயனில்லை, நிலைமையையாவது சொல்லிப் பார்ப்போம் என்று, சாரம், விழுந்தது, மாவுக்கட்டு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கொட்டினாள். செயலாளர் எழுதிக்கொண்டே இருந்தார். "ரெண்டு காலும் மடங்காது சார், அப்படியே நீட்டிக்கிட்டு இருக்கு" என்றபோது பேனா நின்றது. முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"மடங்காதா? சுத்தமாவா?"

"சுத்தமா சார்."

செயலாளர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் பெயின்டரைக் கூடத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் ரூல்தடியால் முழங்காலில் தட்டினார். இன்னொருவர் மடக்கப் பார்த்து, முடியாமல், "அருமை" என்றார். பெரியவரைவிட எடை குறைவு என்று மடியில் ஒரு மணல் மூட்டையை வைத்தார்கள். பொறுப்புக் குடும்பத் தலைவர் என்று பதவி கொடுத்து விதிகளைச் செயலாளர் வாசித்தார்.

"பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. ஜன்னல் வழியாப் பாக்கக் கூடாது. தும்மல் வர்றதா இருந்தா முன்கூட்டியே தெரிவிக்கணும்."

"பேசக் கூடாதுன்னா எப்படி சார் தெரிவிக்கிறது?" என்றார் பெயின்டர்.

"எழுத்து மூலமா."

எவ்வளவு நாள் ஆகும் என்று தையல்காரி கேட்டாள். ஒரே வாரம் என்றார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியை விட்டால் என்ன, பிறகு தினமும் போகலாமே என்று புருஷனும் பெண்டாட்டியும் கணக்குப் போட்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். வாரியம் கடைக்கு அருகிலேயே இருந்ததால், கடைக்காரரின் சரக்கு வண்டி அந்த ஒரு வாரத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் தினமும் வாரியத்துப் பக்கம் திரும்பியது.

முதல் நாளே கோளாறு. வசதி ஆய்வாளர் தலையை உள்ளே விட்டு, "இருக்கை வசதியா இருக்குங்களா?" என்றார். பெயின்டர் பழக்கதோஷத்தில், "ரொம்ப வசதியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார். குமாஸ்தா கையிலிருந்த பேனாவை நழுவவிட்டார். வாரியத்தின் சரித்திரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததே இல்லை. பதில் எழுதக் கட்டமும் இல்லை. அன்றைய மதிப்பீடு ரத்து செய்யப்பட்டது. பொறுப்புக் குடும்பத் தலைவர் கருத்துத் தெரிவித்ததற்கு விளக்கம் கேட்டார்கள். அந்த விளக்கத்தைப் பரிசீலித்து முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

அடுத்தது ஒலிப் பிரிவு. வண்டிக்கு மின்சாரம் ஏற்றினால்தான் நின்ற இடத்திலேயே மோட்டாரை ஓடவைத்துச் சத்தத்தை அளக்கலாம். கூடத்தில் இருந்த ஒரே பிளக் தலைவரின் வெந்நீர்க் கெண்டிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒலி அதிகாரி அசரவில்லை. இளைய குமாஸ்தா ஒருவரை வண்டிக்குப் பின்னால் உட்காரவைத்து வாயால் "ட்ருர்ர்ர்" என்று இரையச் சொன்னார். அதை அளந்து, "இரைச்சல் மிதமிஞ்சியது, இடையிடையே இருமல் கலந்தது" என்று அறிக்கை கொடுத்தார்.

"சார், இந்த வண்டியில சத்தமே வராது" என்றாள் தையல்காரி.

"வராத சத்தத்தை நான் எப்படிம்மா அளக்கிறது? அளக்காம நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்றீங்களா? எனக்கு மனசாட்சி இருக்கு."

பயன்பாட்டுப் பிரிவினர் வந்து இருக்கைகளை மடித்துப் பார்த்தார்கள். பையன் பொம்மையை இறக்கிவிடாமலே மடித்தார்கள். பிறகு பையனைக் காணோம் என்று வாரியமே கலங்கிப்போனது. கிடங்கில் தேடினார்கள், மாடியில் தேடினார்கள், கழிவறையில் தேடினார்கள். முன் இருக்கையிலிருந்து பார்த்த பெயின்டருக்குத் தெரியும். ஆனால் அவர் பேசக் கூடாது. எழுத்து மூலமாகத் தெரிவித்தார். அந்தத் தாள் தபால் பிரிவுக்குப் போய் முத்திரை வாங்கி வருவதற்குள், "இவ்வண்டி பிள்ளைகளை விழுங்குகிறது" என்று ஒரு குறிப்பு தலைவரின் மேசைக்குப் போய்விட்டது. அதை நீக்க ஒரு துணைக்குழு போட்டார்கள்.

இப்படியே வாரங்கள் போயின. ஒவ்வொரு வாரமும் "இந்த வாரம் முடிஞ்சிடும்" என்றார்கள். தையல்காரி இரவும் பகலும் பொருமினாள். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபிக்காரி காட்டிக்கொடுத்தபடி எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, புருஷனின் காலை மெல்ல மெல்ல மடக்கினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். ஒரு நாள் முழங்கால் கொஞ்சம் அசைந்து கொடுத்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். விழுந்ததிலிருந்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான்.

மறுநாள் செயலாளர் வண்டிக் கதவைத் திறந்து பெயின்டரின் காலையே உற்றுப் பார்த்தார்.

"நேத்து இவ்வளவு மடங்கலையே."

"வீட்டுல பயிற்சி குடுக்கிறேன் சார்" என்றாள் தையல்காரி. அதைப் பெருமையாக வேறு சொன்னாள், பாவம்.

செயலாளர் முகம் கறுத்துவிட்டது. "என்ன காரியம்மா பண்ணியிருக்கீங்க? இத்தனை நாள் எடுத்த அளவெல்லாம் பாழ். உடனே பலகை வெச்சுக் கட்டணும்."

"சார், கால் மடங்கணும்னுதானே நாங்க இந்த வண்டியையே கேக்குறோம்?"

"வண்டி வேணும்னா மடங்கக் கூடாது. மடங்கணும்னா வண்டி கிடையாது. இதுல என்ன குழப்பம்?"

இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அந்த ஆளின் குரலில் கோபமோ கிண்டலோ கொஞ்சமும் இல்லை. பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்லித் தருகிற பொறுமைதான் இருந்தது. எனக்கு அருவருப்பாக இருப்பது அந்தப் பொறுமைதான். கெட்டவனாக இருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போகலாம்.

"வேணாம்னா இப்பவே கூட்டிட்டுப் போங்க. பெரியவர் வந்ததும் முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றார் செயலாளர்.

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் விதியை மீறி வாயைத் திறந்தார்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே. கட்டச் சொல்லு."

இரண்டு காலுக்கும் பலகை வைத்துக் கட்டினார்கள். வீட்டில் போய் அவிழ்த்துவிடக் கூடாதே என்று முடிச்சின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி வாரியத்தின் முத்திரையைப் பதித்தார்கள். முத்திரை உடைந்தால் மதிப்பீடு செல்லாது. இரவில் தையல்காரி அந்தக் கட்டின் மேலேயே எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். துணிதான் நனைந்தது.

எப்படியோ ஒரு நாள் இறுதிக் கூட்டம் நடந்தது. வசதி ஆய்வாளர், ஒலி அதிகாரி, செயலாளர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வண்டிக்குள் பொம்மைகளும் பெயின்டரும் உட்கார்ந்தார்கள். தலைவர் வெந்நீர் குடித்துவிட்டுப் பேச எழுந்தார்.

"அன்பர்களே, இது மலிவான வண்டி. மலிவான வண்டிக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று வெளியே சில பேர் கேட்கிறார்கள். விலை உயர்ந்த வண்டிகளுக்கு நாம் பார்க்காமலேயே சான்றிதழ் தருகிறோம். ஏன்? அவற்றை வாங்குகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நமக்கே போன் வந்துவிடும். மலிவான வண்டியை வாங்குகிறவர்கள்தான் காத்திருக்கிறார்கள். அவர்கள் காத்திருப்பதால்தான் இந்த வாரியம் நிற்கிறது. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அந்த நன்றியை, அவர்களை இன்னும் கொஞ்சம் காக்கவைப்பதன் மூலம்தான் நாம் காட்ட முடியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் தொடர்ந்தார்.

"நான் இந்த வண்டியில் ஏறிப் பார்க்கவில்லை. ஏறினால் எனக்குப் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால் நடுநிலை போய்விடும். என் பதவிக்காலம் முழுவதும் எந்த வண்டியையும் பிடிக்காமல் காப்பாற்றி வந்திருக்கிறேன். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பொறுப்புக் குடும்பத் தலைவரைப் பாருங்கள். அசையவில்லை. கேட்கவில்லை. மடங்கவில்லை. நாட்டிலுள்ள எல்லாக் குடும்பமும் இப்படி இருந்துவிட்டால் நம் வேலை எவ்வளவு சுலபம்."

கை தட்டல் நிற்கவே இல்லை. வண்டிக்குச் சான்றிதழ் கிடைத்தது. "முழங்கால் மடங்காத குடும்பத்துக்கு உகந்தது" என்று அதில் எழுதியிருந்தது. முத்திரையை உடைத்துப் பலகைகளை அவிழ்த்து, அவை வாரியச் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

விற்பனைக்காரர் வண்டிக்கு மின்சாரம் ஏற்றிச் சாவியைக் கொடுத்ததும் தையல்காரி புருஷனை ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அந்த வண்டியை ஓட்டிப் பார்த்த முதல் ஆள் அவள்தான். சத்தமில்லாமல் போனது. மேட்டில் திணறவில்லை, பள்ளத்தில் தூக்கிப் போடவில்லை. சாய்பலகை இறங்கியது, நாற்காலி வழுக்காமல் உருண்டது. நல்ல வண்டி என்பது முதல் தெரு முனை திரும்புவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை அதிகாரிகள்.

பிசியோதெரபிக்காரி பெயின்டரின் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தாள். மறுபடி மடக்கிப் பார்த்தாள். வழக்கமாகத் திட்டுகிறவள் அன்று திட்டவில்லை.

"இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?"

தையல்காரி சொன்னாள். பலகை கட்டியதையும் சொன்னாள்.

"யாராவது கட்டுவாங்களா? எதைச் செய்யக் கூடாதோ அதையே செஞ்சிருக்காங்க" என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கிவிட்டது. "இறுகிடுச்சுங்க. இனிமே இவ்வளவுதான்."

"சாரத்துல ஏற முடியாதா?" என்று கேட்டார் பெயின்டர்.

"ஏணியில ஒரு படிகூட முடியாது."

வீட்டுக்குத் திரும்பும்போது தையல்காரி பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். பின்னாலிருந்து அவர் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டார்.

கொஞ்ச நாள் கழித்துச் செயலாளர் வீடு தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கிடங்கில் எலிகள் பெரியவரைத் தின்றுவிட்டனவாம். பதவி காலியாம். வாரியம் ஒருமனதாகப் பெயின்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறதாம்.

"நிரந்தர வேலை. துணை இயக்குநர் அந்தஸ்து. உங்களை மாதிரி ஒரு ஆள் எங்களுக்கு இனிமே கிடைக்க மாட்டாரு" என்றார்.

தையல்காரி அரிவாள்மணையைத் தேடுகிறவள் மாதிரி அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பெயின்டர் தன் காலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி உத்தரவை வாங்கிக்கொண்டார். வேறு யார் அவருக்கு வேலை கொடுக்கப்போகிறார்கள்?

அந்த மின்சாரக் குடும்ப வண்டியில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. தினமும் காலையில் தையல்காரி புருஷனை அதில் ஏற்றிக்கொண்டு போய் வாரியத்தில் இறக்கிவிடுகிறாள். போன வாரம் கூடத்தில் வேறொரு வண்டி நின்றது. வாசல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அந்த வண்டிக்குப் பதிவு செய்தவள் போலிருக்கிறது. மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தட்டிக்கொடுத்தபடி, தையல்காரியிடம், "இவங்க எப்பம்மா முடிப்பாங்க?" என்று கேட்டாள்.

தையல்காரி குனிந்து, அவள் காதோரமாகச் சொன்னாள்.

"எப்ப வேணா முடிக்கட்டும். உங்க வீட்டுல யாருக்கு என்ன முடியலைங்கிறதை மட்டும் இவங்க காதுல போட்டுடாதீங்க."